பதினைந்து காசு கார்டும் ஒரு பேய்க் கதையும்

இந்த முறை பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரண் மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்க வேண்டியதாயிற்று. பழைய பாடக் குறிப்பேடுகள், பயிற்சிப் பள்ளியில் நான் வரைந்த படங்கள், இரண்டு உடைந்த உலக உருண்டை. அடியில் ஒரு மாத நாவல். முன் அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லை, அதனால் தலைப்புத் தெரியவில்லை. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன் என்று உள்ளே இருக்கிறது. அதற்குள் ஒரு தபால் கார்டு. பதினைந்து காசு கார்டு.

அது நான் 1991-ல் எட்டாம் வகுப்பில் ஒரு பையனிடம் பறித்த புத்தகம். சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். அவன் பெயரை எழுதப் போவதில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரியும். நான்கு வரி சேர்ந்தாற்போல வாசிக்கச் சொன்னால் திணறுவான். எழுதினால் ரகர றகரம் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். அப்படிப்பட்டவன் நூறு பக்கக் கதையை மதிய இடைவேளைக்குள் பாதி முடித்திருந்தான். அன்று அது எனக்கு உறைக்கவில்லை. "பேய்க் கதை படிக்கிற மூஞ்சியைப் பார்" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் அதே வாரம் என் பையிலும் ஒரு மாத நாவல் இருந்தது. திருச்சி பஸ்ஸில் படிப்பதற்காகக் கீரனூர் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியது. (அத்தாச்சி, அந்தக் காலத்தில் நீங்கள் என்னிடம் வாங்கிப் போன ரமணிசந்திரன் இரண்டும் இன்னும் திரும்பி வரவில்லை. வட்டி சேர்த்துக் கேட்பேன்.)

கார்டை அன்று இரவு வீட்டில்தான் பார்த்தேன். எழுத்தாளருக்கு அவன் எழுதிய கடிதம். அனுப்புவதற்குள் நான் புத்தகத்தைப் பிடுங்கிவிட்டேன். அதில் அவன் கேட்டிருந்ததைப் பிழை நீக்கிச் சொல்கிறேன். கருப்பசாமி நிஜமாகக் குதிரையில் வருவாரா? எங்கள் ஊர் அய்யனார் கோயில் மண் குதிரை ராத்திரியில் எழுந்து போகும் என்று அப்பத்தா சொல்கிறது, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கதைக்கு எவ்வளவு பணம் தருவார்கள்? நான் எழுதி அனுப்பினால் போடுவார்களா?

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மைப் பேனாவை எடுத்துப் பிழைகளைத் திருத்தினேன். கார்டில்! வேறு கார்டு வாங்கிக் கொடுத்து நல்லபடியாக எழுதச் சொல்லலாம் என்று நினைத்ததாக ஞாபகம். மறுநாள் அவன் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அப்பாவுக்குக் கடன், பையனைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். வேலைக்குப் போனதற்குக் காரணம் நான் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவனுடைய கடைசி நாள் அதுதான்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். சேலத்தில் பிறந்தவர், வயது 65. அந்தச் செய்தி வந்த நாளில் இந்தக் கார்டு பரண் மேல் இருந்ததே எனக்கு நினைவில்லை. இனி அவர் பதில் எழுத முடியாது. ஓய்வுபெற்ற எனக்கும் வேறு வேலை இல்லை. அந்தப் பையன் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த வரலாற்றை வைத்து நானே பதில் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பேய் நிஜமா என்ற கேள்வி. தமிழில் மர்மக் கதை எழுதியவர்கள் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். பி.டி.சாமி கதையில் பேய் என்றால் பேய்தான், மறுபேச்சுக் கிடையாது. தமிழ்வாணன் நேர் எதிர். ஷங்கர்லால் வந்து விசாரித்தால் கடைசியில் அது ஏதாவது ஒரு மனிதனின் வேலையாகத்தான் இருக்கும். சுஜாதா 'கொலையுதிர் காலம்' என்று குமுதத்தில் ஒரு தொடர் எழுதினார். பழைய பங்களா, தோட்டத்தில் ஒரு பெண் உருவம். கணேஷும் வசந்தும் அது பேயா விஞ்ஞானமா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஹோலோகிராம் என்ற சொல்லை நான் முதலில் படித்தது அந்தக் கதையில்தான். விஞ்ஞான விளக்கம் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு சந்தேகத்தையும் விட்டுவைத்தார். கெட்டிக்காரர்.

இந்திரா சௌந்தர்ராஜன் வழி இன்னொன்று. அவர் பேயை எடுத்துக்கொள்ளவில்லை, நம் ஊர் எல்லைச்சாமியை எடுத்துக்கொண்டார். சித்தர், நவபாஷாணம், மறுபிறவி, ஜமீன் சாபம் என்று நம் பாட்டிமார் திண்ணையில் பேசிய விஷயங்கள். 'விட்டுவிடு கருப்பா' என்று அவர் எழுதியது தொண்ணூறுகளின் பிற்பாதியில் சன் டிவியில் 'விடாது கருப்பு' என்ற பெயரில் வந்தது. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இயக்கியவர் நாகா. அதற்கு முன்னால் 'ரகசியம்' வந்தது. இரண்டுமே 'மர்ம தேசம்' வரிசை. கேபிள் டிவி வந்த புதிது. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. மறுநாள் வகுப்பில் வீட்டுப்பாடம் கேட்டால் தெரியாது, கருப்பு யாரென்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வீர்கள். இப்போது சிரிக்கிறீர்கள் அல்லவா?

அந்தக் கதையில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும், தப்புச் செய்தவன் சாவான். சாமிதான் செய்கிறது என்று ஊர் நம்பும். படித்தவர்கள் மனநோய், பிளவுபட்ட மனம் என்று போவார்கள். அவர் இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுத்தார். நம்புகிறவனும் கோபித்துக்கொள்ள முடியாது, நம்பாதவனும் கோபித்துக்கொள்ள முடியாது. எனக்கு அதில் சிறு குறை உண்டு. கடைசியில் சாமி பக்கம்தான் தராசு சாயும். பகுத்தறிவு பேசும் என் தம்பி இதனாலேயே அவரைப் படிக்க மாட்டான். ஆனால் நம் புதுக்கோட்டைச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு அந்த உலகம் அந்நியம் இல்லை. இங்கே புரவி எடுப்பு என்றால் ஊரே கூடும். வேளார் செய்த மண் குதிரைகளைச் சுமந்துபோய்க் கோயிலில் வைப்போம். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரைச் சிலையை மாசி மகத்தில் காகித மாலைகளோடு பார்த்தவர்களுக்கு, அது ராத்திரியில் இறங்கி நடக்கும் என்று ஒரு அப்பத்தா சொன்னால் சிரிப்பு வராது. அந்தப் பையன் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. தன் ஊரைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, எழுதியவரிடம் சரிபார்க்கக் கேட்டிருக்கிறான். வரலாறு படிக்கிறவன் செய்ய வேண்டிய வேலை அது. அதைச் செய்ததற்குத்தான் நான் அவனை நிற்க வைத்தேன்.

இப்படி வாசகர்கள் எழுத்தாளரிடம் நேராகப் பேசுவது தமிழில் புதிதல்ல. பெரிய இலக்கியம் எழுதியவர்களைவிட மர்மக் கதை எழுதியவர்களிடம்தான் ஜனங்கள் அதிகம் பேசினார்கள் என்பது என் எண்ணம். கல்கண்டில் தமிழ்வாணனின் கேள்வி பதிலுக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் உண்டு. எங்கள் ஐயா அதில் ஒருவர். தமிழ்வாணன் நம் பக்கத்துச் சீமை தேவகோட்டையில் 1926-ல் பிறந்தவர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்தான் அடையாளம். உறையின் மேல் முகவரி எழுதாமல் தொப்பியையும் கண்ணாடியையும் வரைந்து போட்டாலே கடிதம் அவருக்குப் போய்ச் சேரும் என்று சொல்வார்கள். பிறகு கதைக்குள் துப்பறிகிறவராகத் தானே வர ஆரம்பித்துவிட்டார்! 1977-ல் இறந்தார். அன்று ஐயா சாப்பிடவில்லை. பார்த்தே இராத மனிதருக்காக.

மாத நாவல்களிலும் முன்பக்கமோ பின்பக்கமோ ஆசிரியரின் கடிதம் இருக்கும், வாசகர் கடிதமும் இருக்கும். போன மாதக் கதையில் ஓட்டை எங்கே என்று ஒருவர் கேட்பார். கொலையாளியை நாற்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று இன்னொருவர் பெருமை அடித்துக்கொள்வார். கடிதத்தின் கீழே பெயரும் ஊரும் அச்சாகும். கீரனூர் என்று அச்சில் பார்ப்பதற்காகவே எழுதியவர்களை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சுஜாதா 'அம்பலம்' என்ற இணைய இதழுக்கு ஆசிரியராக இருந்தபோது வாசகர்களோடு அதிலேயே நேரடியாக அரட்டை அடிப்பார். இவர்கள் தட்டச்சு செய்து கேட்க, அவர் தட்டச்சு செய்து பதில் சொல்ல, வெளிநாட்டில் இருந்தெல்லாம் கலந்துகொண்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன் இதைச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப்பில் படித்தவர்தானே என்று பெருமையாக இருந்தது. ஆனால் இந்தப் பேச்சு எப்போதும் இனிப்பாக இருந்ததில்லை. அவர் குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' தொடருக்கு ஒரு பகுதியினரிடம் கடும் எதிர்ப்பு வந்து, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகுதான் 'ரத்தம் ஒரே நிறம்' என்று மறுபடி எழுதினார். வாசகர் கடிதம் எழுத்தாளரை வாழவைக்கும், சில சமயம் வாயையும் அடைக்கும்.

பணம் எவ்வளவு என்று கேட்டானே, அதற்கு வருகிறேன். இந்தக் கேள்வியை எந்த வாத்தியாரும் கேட்க விட மாட்டார், ஆனால் மிக நல்ல கேள்வி.

நூறு வருஷத்துக்கு முன்னால் துப்பறியும் நாவல் எழுதியவர்கள் பாதிப் பேர் தாங்களே வெளியிட்டுத் தாங்களே விற்றார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் போன்றவர்களின் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார். மன்னார்குடிப் பக்கம் வடுவூர் துரைசாமி ஐயங்கார் தன் நாவல்களுக்காகவே 'மனோரஞ்சினி' என்று மாதப் பத்திரிகை நடத்தினார். அவருடைய 'மேனகா' 1935-ல் படமாகவும் வந்தது, என்.எஸ்.கிருஷ்ணன் நடித்து முதலில் வெளிவந்த படம் அது. வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925-ல் 'ஜகன்மோகினி'யை எடுத்து நடத்தி 115 நாவல் எழுதினார். பள்ளிக்கூடம் போகாத பெண்மணி. பெண்பிள்ளைகளே, இதை மட்டும் உங்கள் மகள்களுக்குச் சொல்லுங்கள்.

பிறகு 1969-ல் ராணிமுத்து வந்தது, அடுத்து மாலைமதி வந்தது. எண்பதுகளில் ஜி.அசோகன் வெளியிட்ட க்ரைம் நாவல் போன்றவை வந்தபிறகு கதை பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிவிட்டது. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் எல்லோரும் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கியவர்கள்தான். இவை புத்தகக் கடையில் விற்பதில்லை, பத்திரிகை போல ஏஜென்ட் வழியாக வரும், மாதம் முடிந்தால் காணாமல் போகும். மலிவான தாள், இரண்டு பின், பளபள அட்டை. அதனால் விலை குறைவு. அதனால்தான் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் கையில் அது இருந்தது. ஆனால் எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் ஒருமுறைப் பணம்தான். மறுபடி பணம் வேண்டுமானால் மறுபடி கதை எழுத வேண்டும். கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் 1500 நாவலுக்கு மேல் எழுதியிருக்கிறார் என்றால் ஆச்சரியப்படுகிறோம். உழைப்புத்தான், ஆனால் அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டீபன் கிங் என்று பேய்க் கதை எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். அவரும் ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார்தான், மெயின் மாநிலத்தில் ஆங்கிலம் நடத்தினார். சம்பளம் போதாது, வீட்டு டெலிபோனையே எடுத்துவிட்ட நிலைமை. 'கேரி' என்ற கதையை எழுதத் தொடங்கிச் சரியில்லை என்று குப்பைக்கூடையில் போட்டார். மனைவி தபிதா எடுத்துப் படித்துவிட்டு முடிக்கச் சொன்னார். 1974-ல் புத்தகம் வந்தது. முன்பணம் 2,500 டாலர். பிறகு மலிவுப் பதிப்பு உரிமை மட்டும் 4 லட்சம் டாலருக்குப் போனது, அதில் பாதி அவருக்கு. வேலையை விட்டுவிட்டார். அங்கே மலிவுப் பதிப்புத்தான் எழுத்தாளரைத் தூக்கி நிறுத்தியது. இங்கே மலிவுப் பதிப்பு வாசகர்களை உண்டாக்கியது, எழுத்தாளருக்கு வேறு வேலையோ டிவி தொடரோ தேவைப்பட்டது.

நான் அனுப்பினால் போடுவார்களா என்றும் கேட்டிருந்தான். கிங் குப்பையில் போட்டதை எடுத்துப் படிக்க வீட்டில் ஒருவர் இருந்தார். இந்தப் பையனுடையதை எடுத்துப் படித்த நான் சிவப்பு மை வைத்திருந்தேன்.

இந்தப் புத்தகங்களைக் குப்பை என்று சொன்னது நான் மட்டும் இல்லை. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நூலகங்களிலும் இவற்றுக்கு மரியாதை கிடையாது. 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், அதில் வாங்கும் புத்தகத்தை நம்பித்தான் பல பதிப்பகங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கால மாத நாவல்களை நான் தேடியபோது நம் பக்கத்து நூலக அலமாரியில் ஒன்றுகூட இல்லை. 2008-ல் சென்னையிலிருந்து பிளாஃப்ட் என்ற பதிப்பகம், ப்ரீதம் சக்கரவர்த்தி மொழிபெயர்ப்பில், இதே எழுத்தாளர்களின் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. இந்திரா சௌந்தர்ராஜன் கதையும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் வந்தபிறகுதான் நம் ஆட்கள் சிலர், 'அடடா, இதுவும் ஒரு கலைதான்' என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் மேலும் சேர்த்துத்தான்.

என் கையில் இருக்கும் இந்த நாவல் பழுப்பேறி, விரல் பட்டால் ஓரம் உதிர்கிறது. புதுக்கோட்டையில் பா.கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதியர் ஞானாலயா என்ற ஆய்வு நூலகத்தைக் கட்டினார்கள். ஆசிரியச் சம்பளத்தில் வாங்கி வாங்கி ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்த்த நூல்கள், பழைய முதல் பதிப்புகள். அங்கே போய் நிற்கும்போதெல்லாம், இதே தொழிலில் இருந்த நான் பிள்ளைகளிடம் எத்தனை புத்தகம் பறித்தேன், எங்கே போட்டேன் என்று கணக்குப் பார்ப்பேன். தெரிந்து பதினேழு. ஒன்றைத் தவிர எதுவும் என்னிடம் இல்லை. எடைக்குப் போட்டிருப்பேன்.

உங்கள் வீட்டுப் பரணில் மாத நாவல்கள் கிடந்தால் எடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அட்டை இருந்தால் நல்லது, வாசகர் கடிதப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. வேறு யாரும் எழுதி வைக்காத ஊர்ப் பெயர்கள் அதில் இருக்கும்.

இன்னொன்று. 1991-ல் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களே, அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று உங்களில் யாருக்காவது தெரியும். திருப்பூரில் கடை வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார், வெளிநாடு போய்விட்டதாக இன்னொருவர். அவன் பெயரைக் கீழே எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். புத்தகத்துக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு வைத்திருக்கிறேன். கார்டை உள்ளேயே வைத்திருக்கிறேன். சிவப்பு மை மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை.